சித்தப்பாவுக்கு எந்த மாத்திரை கேட்டது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். மகளுக்கு வரன் பார்க்கிறவர் கேட்கிறார், பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிற பெண் கேட்கிறார், மாமியாரிடம் பேச்சு வாங்கிய மருமகள் அழுதுகொண்டே கேட்கிறார்: "மனநோய் பரம்பரையாக வருமா டாக்டர்?" சரி, இந்த முறை இதற்கு மட்டும் பதில். தூக்கம் வரவில்லை, மறதி அதிகமாகிறது என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் பெயர்களை எடுத்துவிட்டேன். சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

மூத்த மகனுக்கு 31 வயது. இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது, 22 வயதில், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தான். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்றார்கள். ஒன்பது வருடமாக மாத்திரை. இப்போது மகளுக்கு 28 வயது, நல்ல வரன் கூடி வருகிறது. அவளுக்கோ, அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கோ இது வருமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா, வேண்டாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், துறையூர்

ஐயா, எந்தப் பாடம் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. கணக்கு வாத்தியார் என்று வைத்துக்கொண்டு எண்ணிலேயே ஆரம்பிக்கிறேன்.

குடும்ப வரலாறு எதுவும் பார்க்காமல் நூறு பேரை எடுத்தால், அவர்களில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்கு. உங்கள் மகள் இந்த வரிசையில் இருக்கிறாள். ஆனால் அந்த ஒன்பது என்பது முழு ஆயுசுக்கான கணக்கு. 28 வயது வரை ஒன்றுமில்லாமல் வந்துவிட்டவள் அதில் ஒரு நல்ல பங்கைக் கடந்துவிட்டாள். பெண்களுக்கு ஆண்களைவிடச் சில வருடம் தள்ளி ஆரம்பிப்பது உண்டு என்பதால், முழுக்கக் கடந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் இருப்பது தாய்மாமனுக்கு. அந்த உறவுக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு. மீதி 96 குழந்தைகளுக்கு வராது.

பத்திரிகையில் "80 சதவீதம் பரம்பரை" என்று படித்திருப்பீர்கள். படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்த பெற்றோர் நிறைய. நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு வரும் என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு ஜனக்கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணுவால் என்று சொல்லும் எண் அது. உங்கள் வீட்டுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதைவிட இதைப் பாருங்கள்: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், ஏறக்குறைய ஒரே மரபணு. ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்தால் மற்றவருக்கு? பழைய ஆய்வுகளில் நூற்றுக்கு 40, 50 வரை போனது. டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018ல் பார்த்தபோது 33தான். கிட்டத்தட்ட ஒரே ஜீன் இருந்தும் மூன்றில் இரண்டு பேர் தப்பிக்கிறார்கள்.

காரணம், இது ஒரு ஜீனால் வருகிற நோய் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 51, ஒருவர் 101, யாரோ ஒருவர் 501. எந்த ஒரு மொய்யாலும் பந்திச் செலவு அடையாது. எல்லாம் சேர்ந்து ஒரு தொகையைத் தாண்ட வேண்டும். 2022ல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் டி.என்.ஏ.வை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எழுதுவது 51 ரூபாய் மொய்தான். அது அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். அதனால்தான் "எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது" என்று சம்பந்தி வீடு இரண்டும் சத்தியம் செய்தும் பிள்ளைக்கு வந்து நிற்கிறது. ஜீன் மட்டுமே மொய் எழுதுவதில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவுப் போக்குவரத்தை அடைத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களுக்குப் பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியா இரண்டு மடங்கு வந்தது.

ஏன் 22 வயதில் என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விடலைப் பருவத்தில் மூளை தன் இணைப்புகளைத் தானே கவாத்து செய்கிறது, வேண்டாத கிளையை வெட்டுகிற மாதிரி. சி4 என்ற ஜீனின் சில வகைகள் இந்தக் கவாத்தை அளவுக்கு மீறிச் செய்யவைக்கலாம் என்று 2016ல் ஓர் ஆய்வு காட்டியது. அதுவும் ஒரு மொய்தான், கொஞ்சம் கனமான மொய்.

இனி வரன் விஷயம். சொல்லிவிடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சொல்லுங்கள், பத்திரிகை அடித்த பிறகு வேண்டாம். "லேசாக நரம்புத் தளர்ச்சி" என்று ஆரம்பிக்காதீர்கள். பையனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, இத்தனை வருடமாக மாத்திரை, கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தது இந்த வருடம், இப்போது இப்படி இருக்கிறான். நான்கு வாக்கியம் போதும். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளெல்லாம் அண்ணனை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் தங்கவைத்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். கல்யாண அமளியில் அவனுக்கு மாத்திரை கொடுக்க எல்லோரும் மறந்துபோனார்கள். மறுவீட்டு விருந்தன்று அவனே ஆட்டோ பிடித்து வந்து, வாசலில் நின்று தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். புது மாப்பிள்ளை எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான். அவனிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அந்த அப்பா என் எதிரில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொன்று. 1988ல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயர் மட்டும் போதாது, நோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றது. நோயுள்ளவரையே கட்டியவருக்குக் கோர்ட் சொன்னது அது. உங்கள் மகளோ நோயாளியின் தங்கை, அவ்வளவுதான்.

எனக்கு 27 வயது. பைபோலார். மூன்று வருடமாக லித்தியம் மாத்திரையில் நன்றாக இருக்கிறேன், வங்கி வேலைக்குப் போகிறேன். குழந்தை வேண்டும். "மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும், சாப்பிடாவிட்டாலும் உன் நோய் அதற்கு வரும்" என்கிறார் மாமியார்.
— வாசகி, கரூர்

இப்படிப் போனாலும் அடி, அப்படிப் போனாலும் அடி என்று பேசியிருக்கிறார். பிரித்துப் பார்ப்போம்மா.

பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறிய உற்சாகத்திலும் இன்னொரு சமயம் சோர்விலும் விழுகிற நோய், பொதுவாக நூறு பேரில் ஒருவர், இருவருக்கு வருவது. அம்மாவுக்கு இருந்தால் குழந்தைக்கு ஐந்திலிருந்து பத்துக்குள். மனச்சோர்வு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடும். இதற்காகக் குழந்தையே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் திரும்பும், அதுவும் வேகமாக. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் லித்தியம் சாப்பிட்டால் குழந்தையின் இதயத்தில் கோளாறு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது உண்மை. டோஸ் அதிகமானால் அதுவும் அதிகம். அதனால் கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும்: எவ்வளவு குறைக்கலாம், எப்போது ரத்தத்தில் அளவு பார்ப்பது, 20 வாரத்தை ஒட்டி இதயத்துக்கான ஸ்கேன் எங்கே எடுப்பது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் லித்தியம் அளவு இறங்கும். பிரசவம் முடிந்ததும் ஏறும். உங்கள் சீட்டில் வால்ப்ரோயேட் என்ற மாத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் லித்தியத்தைவிடப் பல மடங்கு கெடுதல் அது.

நான் பயப்படுவது பிரசவத்துக்குப் பிந்திய முதல் இரண்டு வாரத்தைப் பற்றி. பொதுவாக ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருகிற பிரசவ சைக்கோசிஸ் (பிள்ளை பெற்றதும் புத்தி தடுமாறுகிற நோய்), பைபோலார் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரை வரலாம். தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் இன்னும் கூடும். அதனால் உங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும் உட்காரவைத்துக் கேளுங்கள். "பாட்டிக்குப் பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஜன்னி கண்டது, கிணற்றடிக்கு ஓடினாள்" என்று யாராவது சொன்னால், அந்த ஜன்னி இதுவாகவும் இருந்திருக்கலாம். டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ராத்திரிப் பால் கொடுக்கும் வேலை உங்கள் கணவருடையது, புட்டியோடு. உங்களுக்குத் தூக்கம்தான் மருந்து. லித்தியம் சாப்பிட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுப்பது பற்றிக் குழந்தை மருத்துவரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

லித்தியம் என்பது ஒரு உப்பு. 1949ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், கினிப் பன்றிகளுக்கு அதைப் போட்டபோது அவை சாதுவாகப் படுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். உப்பு என்பதால்தான் கரூர் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், மெடிக்கலில் மூட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் அது ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

மகனுக்கு மனச்சிதைவு வந்ததற்கு நான் அவனைச் சரியாக வளர்க்காததுதான் காரணம் என்கிறார்கள். வேலைக்குப் போகிறவள் நான்.
— வாசகி, நாகர்கோவில்

இல்லை. வேலைக்குப் போன அம்மாவால் இந்த நோய் வருவதில்லை. வீட்டில் இருந்த அம்மாவாலும் வருவதில்லை.

ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் பேசினார்கள். அமெரிக்காவில் 1940களில் "நோயை உண்டாக்கும் தாய்" என்று ஒரு கோட்பாடே வைத்திருந்தார்கள். அதை உடைத்த ஆய்வுகளில் ஒன்று 1966ல் வந்தது. லெனார்ட் ஹெஸ்டன் என்பவர், ஆரிகன் மாநில மனநல மருத்துவமனைகளில் ஸ்கிசோஃப்ரினியாவோடு இருந்த தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். ஐந்து பேருக்கு நோய் வந்திருந்தது. அதேபோலப் பிரிந்து வளர்ந்த, நோயில்லாத தாய்மார்களின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. வளர்த்தவர்கள் யார் யாரோ. அப்புறம் எங்கே இருந்து வந்தது வளர்ப்பு?

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நோய் வந்த பிறகு வீட்டில் ஓயாமல் திட்டும் குத்தலும் இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும். இப்படிப் பேசுகிற உறவினர்களை வாசலோடு நிறுத்துவதற்கு இதையே காரணமாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா. எனக்கு 19. எச்சிலை அனுப்பினால் ஜீனைப் பார்த்துச் சொல்கிறார்களாமே, எடுக்கலாமா? ஃப்ரெண்ட்ஸோடு எப்போதாவது கஞ்சா. அது மூலிகைதானே?
— மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கு. எச்சிலை வைத்து 287 மொய்யையும் கூட்டிச் சொன்னாலும், உனக்கு வருமா வராதா என்று யாராலும் இன்றைக்குச் சொல்ல முடியாது. அந்தக் கணக்குகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தில் போட்டவை. நமக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து தென்னிந்தியர்களிடம் தேடி, நியாசின் என்ற பி வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீனை 2019ல் சுட்டிக் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கு அது நல்ல செய்தி. உடனே போய் வைட்டமின் மாத்திரை வாங்காதே.

ஜீன் பரிசோதனை உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். இதயத்தில் பிறவிக் கோளாறு, அண்ணப் பிளவு, படிப்பில் தடுமாற்றம் இருக்கும். அவர்களில் நான்கில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா மாதிரி நோய் வருகிறது. அது 51 ரூபாய் மொய் இல்லை, தாய்மாமன் சீர். உன் அப்பாவுக்கு அந்த அடையாளங்கள் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேள்.

கஞ்சா விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. உன் ஃப்ரெண்டுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்பாவுக்கு இருப்பதால் நீ, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்த நோய் வருகிற வரிசையில் நிற்கிறவன். அரளியும் மூலிகைதான். ராத்திரியில் காதில் குரல் கேட்கிற மாதிரி, யாரோ பின்தொடர்கிற மாதிரி இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு போன் செய், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அத்தை மகனைத்தான் கட்டினேன். பையனுக்கு 15 வயது. நன்றாகப் படித்தவன், ஆறு மாதமாக எரிந்து விழுகிறான், காரணமில்லாமல் சிரிக்கிறான், கையெழுத்து கோணலாகிவிட்டது, வாயில் எச்சில் ஒழுகுகிறது. என் கொழுந்தனாரும் இப்படி "மூளை கெட்டு" இறந்தவர்தான். பரம்பரைப் பைத்தியமா?
— வாசகி, திண்டுக்கல்

அம்மா, இந்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே கடிதம் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பல வருடத்துக்கு முன் என்னிடம் இதே மாதிரி ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அவன் அம்மா கையோடு இரண்டு நோட்டு கொண்டுவந்திருந்தார். ஜூன் மாதத்து சமூக அறிவியல் நோட்டில் முத்து முத்தாக எழுத்து. டிசம்பர் நோட்டில் எழுத்து சின்னதாகிச் சின்னதாகி, வரியை விட்டு இறங்கி, கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி. அந்த நோட்டைப் பார்த்ததும் நான் மனநோய் மாத்திரை எழுதவில்லை, கண் டாக்டருக்குச் சீட்டு எழுதினேன். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருந்தது. செம்பு.

வில்சன் நோய். 1912ல் விவரித்தார்கள். சாப்பாட்டில் வரும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். அதற்கான ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போனதால் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தங்குகிறது. இங்கே மொய்க் கணக்கு கிடையாது. அம்மா, அப்பா இருவரிடமும் அந்தக் கெட்ட பிரதி ஒன்று ஒன்று இருந்து, பிள்ளைக்கு இரண்டும் வந்தால் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பேரிடமும் ஒரே பிரதி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்பு சுமக்கும் புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் பரிசோதனை. பென்சிலமைன், துத்தநாகம் என்று மருந்து உண்டு, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரிசோதித்தாக வேண்டும். நோட்டுப் பையன் பிறகு டிப்ளமோ முடித்தான். எழுத்து பழையபடி வரவில்லை, கம்ப்யூட்டரில் தட்டுகிறேன் என்றான்.

"மூளை கெட்டு" இறந்த கொழுந்தனாரை யாராவது அன்றைக்கு ஒரு தாளில் விவரமாக எழுதி வைத்திருந்தால், உங்கள் பையனுக்கு ஆறு மாதம் வீணாகியிருக்காது.

டாக்டர், ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா?
— வாசகர், மன்னார்குடி

உண்டு. கேட்டதற்கு நன்றி, இருபது வருடமாக இந்தப் பகுதியில் யாரும் கேட்கவில்லை.

லால்குடிப் பக்கம் எங்கள் வீடு. என் சித்தப்பா 24 வயதில் ஒரு வாரம் தூங்காமல், கொள்ளிடத்துக்குத் தானே பாலம் கட்டப்போவதாகச் செங்கல் ஆர்டர் கொடுத்தார். குணசீலத்தில் 48 நாள் தங்கவைத்தார்கள். (கோயிலுக்குப் போகாதே என்று நான் யாரையும் சொல்வதில்லை. மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.) பிறகு அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் இருந்தார். வெளியில் கேட்டவர்களிடம் "பம்பாயில் வேலை" என்று அம்மா சொல்வாள். அடுத்த அறையில் இருமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் மருத்துவம் படித்தேன், மனநல மருத்துவமே எடுத்தேன். 2011ல் என் மகன் 21 வயதில் ஐந்து ராத்திரி தூங்காமல், அவன் அப்பாவின் கார்டில் பதினோரு ஜோடி ஷூ வாங்கினான். வைத்தியம் பார்த்தவர் என்னோடு படித்தவர். "குடும்பத்தில் யாருக்காவது?" என்று அவர் கேட்டார். முப்பது வருடமாக நான் எல்லோரையும் கேட்கிற கேள்வி. "இல்லை" என்றேன். வாயில் தானாக வந்தது, அம்மாவின் குரலிலேயே வந்தது.

இரண்டு வருடம், இரண்டு மருந்து, ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. சித்தப்பாவின் திவசத்துக்குப் போனபோது சித்தியிடம் சமையல்கட்டில் வைத்து மெதுவாகக் கேட்டேன். "சித்தப்பாவுக்கு எந்த மாத்திரை கேட்டது சித்தி?" சித்தி பேசாமல் எழுந்து போய் பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை இறக்கினார். உள்ளே நாலாக மடித்த சீட்டுகள், எல்லாம் தேதி வரிசையில். ஏழாவது சீட்டில், 1978ல், லித்தியம் கார்பனேட் 300. "இதைப் போட்டதுக்கப்புறம்தான் மனுஷன் வயலுக்குப் போனார்" என்றார். அம்மா சொன்ன பம்பாய் அதற்கு முந்திய கதை. பிந்திய கதையை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை.

லித்தியம் நன்றாகக் கேட்கும் தன்மை சில குடும்பங்களில் சேர்ந்தே வருகிறது என்பது ஆய்வுகளில் பார்த்த விஷயம்தான். நானே வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். மகனுக்கு மாற்றினோம். கேட்டது. வேலைக்குப் போகிறான், மாதாந்திரம் பார்த்த ரத்தப் பரிசோதனை இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கூடவே தைராய்டும், சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினினும்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "ஷூ பத்துதான், பதினொன்று இல்லை" என்றான். அந்த 1978 சீட்டு அவன் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. டப்பாவைச் சித்தி திரும்ப வாங்கிக்கொண்டார்.